போகாத கூட்டங்களும் எழுதின பக்கங்களும்

போன மாதம் மட்டும் எனக்கு வந்த அழைப்புகளைச் சொல்கிறேன். டொராண்டோவில் தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு. ஜூமில் நான்கு வாரச் சிறுகதை வகுப்பு. சென்னையில் நண்பர் ஒருவரின் புத்தக வெளியீடு, யூடியூபில் நேரலை. வாட்ஸ்அப்பில் புதிதாக இரண்டு எழுத்தாளர் குழுக்கள். லெந்து நாட்களுக்காக "நாற்பது நாள், நாற்பது தியானம்" என்று ஒரு சவால். "தம்பி, நாம சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாமா?" என்று ஒரு அண்ணன்.

இதில் ஒன்றுகூடக் கெட்ட காரியம் இல்லை. சிக்கலே அதுதான். கெட்டதாக இருந்தால் மறுப்பது சுலபம்.

நான் எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சம். பகல் வேலை சாஃப்ட்வேர். டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் இருக்கிறோம். எங்கள் சபையில் உங்களைப் போல இங்கேயே வளர்ந்த அப்பா அம்மாக்கள் நிறைய பேர். நன்றாகத் தமிழ் பேசுவார்கள். வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தைத் திறந்தால் மூன்றாவது வசனத்திலேயே திணறல். அவர்களில் சிலர் ஒருநாள் என்னிடம் கேட்டார்கள்: "அண்ணா, ராத்திரி படுக்கும்போது பிள்ளைங்களுக்கு நாங்களே வாசிச்சுக் காட்டற மாதிரி, எளிய தமிழ்ல வேதாகமக் கதை எழுதித் தர முடியுமா?"

ஒரு கதைக்கு ஒரு பக்கம், பெரிய எழுத்து. வாரத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு 52. இதுவரை 31 முடிந்திருக்கிறது.

இதற்கு எனக்குக் கிடைக்கிற நேரம் சனிக்கிழமை காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. அதற்குப் பிறகு மகள் எழுந்துவிடுவாள். தமிழ் வகுப்பு, நீச்சல், மளிகை என்று நாள் ஓடிவிடும். மேலே சொன்ன அழைப்புகள் எல்லாமே குறிவைப்பது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான். வேறு நேரம் என்னிடம் இல்லை.

பயத்துக்குப் போட்ட வெள்ளை அங்கி

இந்தப் பயத்துக்கு ஆங்கிலத்தில் 'ஃபோமோ' என்று பெயர். மற்றவர்களுக்குக் கிடைப்பது நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ, நாம் இல்லாத இடத்தில் முக்கியமான ஏதோ நடந்துவிடுமோ என்கிற பயம். 2004-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த பேட்ரிக் மெக்கின்னிஸ், மாணவர் பத்திரிகையில் எழுதிய ஒரு கேலிக் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கூடவே 'ஃபோபோ' என்று ஒன்றையும் சொன்னார்: இதைவிட நல்லது ஒன்று வந்துவிடுமோ என்று எதையுமே தேர்ந்தெடுக்காமல் இழுத்தடிப்பது. கேலியாக எழுதியது பின்னால் அகராதியிலேயே ஏறிவிட்டது.

2013-ல் உளவியல் ஆய்வாளர்கள் இந்தப் பயத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அவர்கள் கண்டதில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. தன் விருப்பப்படி செயல்படுகிறோம், ஒரு வேலையைத் திறமையாகச் செய்கிறோம், பிறரோடு நெருக்கமாக இருக்கிறோம் என்ற மூன்று உணர்வும் குறைவாக உள்ளவர்களிடம் இந்தப் பயம் அதிகமாக இருந்தது. அதாவது, வெளியே நடப்பது எவ்வளவு பெரியது என்பது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. உள்ளே எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

கிறிஸ்தவனாக எழுதுகிற ஒருவருக்கு இதில் இன்னொரு முடிச்சு உண்டு. மற்ற எழுத்தாளருக்குப் பேர் போய்விடுமோ என்று பயம். நமக்கோ கீழ்ப்படியாமல் போய்விடுவோமோ என்று பயம். "தேவன் வாசலைத் திறந்திருக்கிறார், நீங்க உள்ளே போகலைன்னா எப்படி?" என்று யாராவது அன்பாகக் கேட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. "தாலந்தைப் புதைச்சு வைக்காதீங்க, பிரதர்" என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தத் தாலந்து உவமையை நிதானமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மத்தேயு 25. ஒரு தாலந்தை வாங்கியவன் அதை ஏன் புதைத்தான்? அவனே காரணம் சொல்கிறான்: பயந்துவிட்டானாம். பயத்தில் செய்யப்பட்ட காரியம் அந்தக் கதையில் அது ஒன்றுதான். இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டு தாலந்து வாங்கியவனுக்கும் ஐந்து தாலந்து வாங்கியவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒன்றேதான், வார்த்தை மாறவில்லை. இரண்டு வாங்கியவன் பக்கத்து ஆளின் கணக்கை எட்டிப் பார்த்ததாகக் கதையில் இல்லை. அந்த உவமையைக் காட்டி நம்மை நாலாபக்கமும் ஓடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கையளவு வேலையை வாங்கிக்கொண்டு அதைப் பயமில்லாமல் செய்யச் சொல்வதாகவே எனக்குப் புரிகிறது.

என் தொழிலிலிருந்து ஒரு கணக்கு

ஒரு நிரலுக்கு வெளியே ஏதோ நடந்தது எப்படித் தெரியும்? இரண்டு வழி. ஒன்று, அது நொடிக்கு நொடி போய் "வந்தாச்சா, வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். இதை நாங்கள் போலிங் என்போம். இன்னொன்று, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். விஷயம் வந்தால் எதிர்ப்பக்கம் தட்டிச் சொல்லும். முதல் வழியில் பேட்டரி தீரும், நெட்வொர்க் நிரம்பும். கேட்ட தடவைகளில் பெரும்பாலும் கிடைக்கிற பதில் "இன்னும் ஒன்றும் இல்லை" என்பதுதான்.

கைப்பேசியைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிற மனசு போலிங் செய்கிற மனசு. குழுவில் யாராவது எதையாவது போட்டார்களா? என் கதைக்கு எத்தனை பேர் இதயம் போட்டார்கள்? அந்த அண்ணன் புத்தகம் எத்தனை பிரதி போச்சு? இதில் நம் பலவீனம் மட்டும் காரணம் இல்லை என்பதை என் துறையில் இருப்பதால் சொல்ல முடியும். முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கம், சிவப்பு வட்டத்துக்குள் ஒரு எண், கீழே இழுத்தால் புதுசாக ஏதாவது வரும் என்கிற ஏற்பாடு, இவையெல்லாம் யோசித்து, சோதித்து, அளந்து வைக்கப்பட்டவை. அடுத்த இழுப்பில் என்ன வரும் என்று தெரியாததுதான் நம்மைப் பிடித்து வைக்கிறது.

ஜெபிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இரண்டாவது வழி ஒன்றும் புதிதில்லை. நம் வேலையில் உட்கார்ந்திருப்போம். நமக்கென்று வரவேண்டிய அழைப்பு வந்தால் தட்டும். பத்து நிமிஷம் லேட்டாகப் பார்த்ததால் தவறிப்போகிற அழைப்பு தேவனிடமிருந்து வந்ததாக இருக்காது என்று நான் நம்புகிறேன். சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரமும் என் போன் சமையலறை இழுப்பறையில் இருக்கும். அவசரம் என்றால் அப்பா வீட்டு லைனுக்குக் கூப்பிடுவார்.

ரோமுக்குப் போக முடியாத ஒருவர்

வேதத்தில் இந்த விஷயத்துக்குப் பொருத்தமான இடங்கள் சில உண்டு. மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நகூம் ஊரே இயேசுவைத் தேடிக்கொண்டிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் வாசலில் பெருங்கூட்டம். விடியுமுன் அவர் எழுந்து தனியே ஜெபிக்கப் போய்விடுகிறார். சீமோன் தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். இன்றைய பேச்சில், "ஆண்டவரே, ட்ரெண்டிங்ல இருக்கீங்க" என்று சொல்வது மாதிரி. அவரோ திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம், அதற்காகத்தான் வந்தேன் என்கிறார். அவ்வளவு பேர் காத்திருந்த இடத்தையே விட்டுப் போகிறார்.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் பேதுரு, பின்னால் வருகிற யோவானைத் திரும்பிப் பார்த்து, இவன் காரியம் என்ன ஆகும் என்று கேட்கிறார். வந்த பதிலின் சாரம்: அது உன் கவலை இல்லை, நீ என் பின்னால் வா.

ஆனால் எழுதுகிறவனுக்கு என்று ஒரு இடம் இருந்தால் அது ரோமர் நிருபம்தான். பவுல் கொரிந்துவில் இருந்தபோது, கி.பி. 57 வாக்கில் எழுதியது என்பது பொதுவான கணிப்பு. ரோமுக்குப் போகப் பலமுறை திட்டமிட்டதாகவும் ஒவ்வொரு முறையும் தடை வந்ததாகவும் அவரே முதல் அதிகாரத்தில் சொல்கிறார். அப்போதும் போக முடியாது. எருசலேமில் இருக்கிற ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையை முதலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போக முடியாததால் உட்கார்ந்து கடிதம் சொல்கிறார். தெர்தியு என்பவர் எழுதுகிறார். கெங்கிரேயாவைச் சேர்ந்த பெபேயாள் அதைக் கொண்டுபோயிருப்பார் என்று பலரும் கருதுகிறார்கள்.

பவுலுக்கு முதல் தடவையே ரோமுக்கு வழி கிடைத்திருந்தால்? நேரில் போய்ப் பேசியிருப்பார், கேட்டவர்கள் மகிழ்ந்திருப்பார்கள், பேச்சு அன்றோடு முடிந்திருக்கும். அகஸ்டின், லூத்தர் என்று எத்தனையோ பேரைத் திருப்பிப் போட்ட அந்தப் பதினாறு அதிகாரங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. பின்னால் அவர் ரோமுக்குப் போனார், கைதியாக. ஸ்பானியாவுக்கும் போக ஆசைப்பட்டார். போய்ச் சேர்ந்ததாக வேதத்தில் எங்கும் இல்லை.

எழுத்து என்பதே அங்கே இல்லாதவர் செய்கிற வேலை. எதிரே ஆள் இருந்தால் பேசிவிடலாம், எழுத வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் இருக்க ஆசைப்படுகிறவருக்கு எழுத நேரமும் கிடைக்காது, தேவையும் இருக்காது.

பெட்போர்டு சிறையும் பாளையங்கோட்டையும்

நம் பக்கத்து வரலாறும் இதையே சொல்கிறது. ஜான் பனியன் 1660-ல் அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக இங்கிலாந்தின் பெட்போர்டில் சிறை வைக்கப்பட்டார். சுமார் பன்னிரண்டு வருஷம். ஊழியம், குடும்பம், ஊர் நடப்பு எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். சிறையில் இருக்கும்போதே எழுதத் தொடங்கியதாகச் சொல்லப்படும் அவருடைய நூல் 1678-ல் வெளிவந்தது. 'மோட்சப் பிரயாணம்' என்று நம் தாத்தா பாட்டி வீட்டு அலமாரிகளில் இருந்தது அதன் தமிழாக்கம்தான்.

இருநூறு வருஷம் கழித்து, திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அந்தக் கதையை எடுத்துத் தமிழ்க் காப்பியமாகப் பாடினார். தமிழாசிரியர் வேலை பார்த்தவர். 'இரட்சணிய யாத்திரிகம்' நற்போதகம் இதழில் கொஞ்சம் கொஞ்சமாக, பல வருஷங்கள் வெளிவந்து, 1894-ல் நூலானது. அப்போது அவருக்கு வயது 67. நாற்பது நாள் சவாலில் முடிகிற வேலை இல்லை அது.

பகல் வேலைக்காரர்களுக்கு என்று ஒருவரைச் சொல்லவேண்டும் என்றால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று முன்சீப்பாக வேலை பார்த்தவர். கோர்ட்டு, வழக்கு, தீர்ப்பு என்ற நாட்களுக்கு நடுவில்தான் நீதிநூல் எழுதினார், கீர்த்தனைகள் எழுதினார். 1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைத் தமிழின் முதல் நாவல் என்கிறோம்.

அப்புறம் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் கண்மூடும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே படுக்கையில் இருந்தார். அவருடைய புத்தகங்களில் பல அந்த அறையிலிருந்து வந்தவை.

இவர்கள் யாரும் தாங்களாகத் தேடிப்போய்த் தனிமையை வாங்கியவர்கள் இல்லை. ஒருவருக்குச் சிறை, ஒருவருக்கு ஆசிரியர் வேலை, ஒருவருக்குக் கோர்ட்டு, ஒருவருக்கு நோய். கிடைத்த சுவருக்குள் உட்கார்ந்து எழுதினார்கள். நமக்கு வாய்த்த சுவர் கடல்தாண்டிய தூரமும் குழந்தைகளின் சனிக்கிழமை அட்டவணையும்.

நிஜமாகவே இழந்தது

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ எதையும் இழக்கறதே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இழக்கிறோம். அதை மறைத்து எழுதினால் பொய்.

எங்கள் ஊரில் அசனப் பண்டிகை அன்று கோவில் வளாகத்தில் பெரிய பெரிய பாத்திரங்களில் சோறும் குழம்பும் கொதிக்கும். ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும். அந்த வாசனை வாட்ஸ்அப் படத்தில் வராது. பத்து வருஷமாக நான் அதில் உட்காரவில்லை. என் மகள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆச்சி இறந்தார்கள். விசா ஸ்டாம்பிங் பிரச்சினை ஒரு பக்கம். அது இல்லாவிட்டாலும் டாலஸிலிருந்து ஊர் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். அங்கே சாயங்காலம் நான்கு மணி ஆராதனை, இங்கே காலை ஐந்தரை. லேப்டாப்பில் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை படம் நின்றுபோனது.

முந்தின இரவு மாமா போனில் சொன்னார்: "நீ வர முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும்லே. ஆச்சியைப் பத்தி ரெண்டு வரி எழுதி அனுப்பு, நான் வாசிக்கேன்." ஒரு பக்கம் எழுதினேன். ஆச்சி கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்குப் பாட்டு பென்சிலால் தேதி போட்டு வைத்திருந்தது, யார் கல்யாணத்தில் பாடினோம், யார் அடக்கத்தில் பாடினோம் என்று. மழை பெய்தால் முதலில் கோழிக்கூட்டைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எங்களைத் தேடியது. மாமா வாசிக்கும்போது கோழிக்கூட்டுக்கு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கும் கேட்டது, ஒரு நொடி தாமதமாக.

அந்தப் பக்கம் ஆச்சியின் பெட்டிப் பக்கத்தில் நிற்பதற்கு ஈடாகாது. ஈடு என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் நான் அங்கே நின்றிருந்தால் அது எழுதப்பட்டிருக்காது. இப்போது சித்தி வீட்டில் வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிரிவினை தெளிவாயிற்று. ஆச்சி அடக்கத்துக்குப் போக முடியாதது இழப்பு. அதற்கு அழலாம், தேவனிடம் முறையிடலாம். ஒரு பயிலரங்குக்குப் போகாதது இழப்பு இல்லை. அது ஒரு தேர்வு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் பயம் பெரிதாகத் தெரியும், துக்கம் சிறிதாகப் போய்விடும்.

"வேண்டாம்" சொல்வது எப்படி?

நடைமுறையில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இது என்னைத்தான் கேட்கிறதா, யாராவது ஒருவரைக் கேட்கிறதா? முந்நூறு பேருக்கு அனுப்பிய அழைப்பு வாசல் இல்லை, விளம்பரம். எங்கள் சபைப் பெற்றோர் என் பேரைச் சொல்லிக் கேட்டது வாசல்.

இரண்டாவது, இது யாருக்கும் தெரியாமல் நடந்தாலும் நான் செய்வேனா? படம் போட முடியாது, பேர் வராது என்றாலும் போவேன் என்றால் யோசிக்கலாம்.

மூன்றாவது, இதற்கு 'ஆம்' சொன்னால் எந்தப் பக்கம் எழுதப்படாமல் போகும்? இதற்கு மட்டும் நான் பேப்பரில் பதில் எழுதுவேன். "யோனா கதை" என்று எழுதிப் பார்த்தால் விலை தெரிந்துவிடும்.

ஒரு பதிப்பகம் கதைகளைப் புத்தகமாக்கலாம் என்று பேசியது. நல்ல மனிதர்கள். ஆனால் முதலில் இன்ஸ்டாகிராமில் பத்தாயிரம் பேரைச் சேர்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் ஒரு பதிவு, வாரம் ஒரு வீடியோ என்றால் சனிக்கிழமை காலி. நன்றி சொல்லி விட்டுவிட்டேன். கதைகள் இப்போதும் சபைப் பெற்றோரின் மெயிலுக்குத்தான் போகின்றன.

மறுக்கும்போது நீட்டி முழக்க வேண்டியதில்லை. "அண்ணா, நல்ல முயற்சி. கையில ஒரு வேலை இருக்கு, அது முடியறவரைக்கும் என்னால வேற எடுக்க முடியாது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று எழுதுவேன். அப்புறம் உண்மையாகவே ஜெபிப்பேன். இல்லாவிட்டால் அது வெறும் சம்பிரதாயம்.

அடுத்தவர் புத்தகம் வரும்போது வருகிற அந்தச் சின்னக் குத்தல் இருக்கிறதே, அதற்கும் ஒரு வழி உண்டு. சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படச் சொன்னதும் அதே ரோமர் நிருபம்தான். லைக் போட்டுவிட்டு நகராமல், நண்பரின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறேன். வாசிக்கிறேன். பிடித்த ஒரு பக்கத்தைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதுகிறேன். வெளியீட்டு விழாவில் இருந்த நூறு பேரில் எத்தனை பேர் புத்தகத்தை வாசித்துவிட்டுக் கூப்பிடுவார்கள்? சென்னை நண்பர் சொன்னார், "நீ வரலைங்கறதே எனக்கு ஞாபகம் இல்லடா, நீ எழுதினதுதான் ஞாபகம் இருக்கு."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

நீங்கள் எழுத்தாளர் இல்லாவிட்டாலும் இந்தப் பயம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அந்தப் பிள்ளை கராத்தே போகிறது, இந்தப் பிள்ளை கோடிங் போகிறது, எதிர்வீட்டுப் பிள்ளை இரண்டும் போகிறது. சண்டே ஸ்கூல், தமிழ்ப் பள்ளி, பரதம், கணக்கு வகுப்பு, பிறந்தநாள் விருந்து. எதை விட்டாலும் பிள்ளைக்கு ஏதோ குறைத்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்கள் அப்பா அம்மா இந்த ஊருக்கு வந்தபோது பெற்ற கஷ்டத்துக்கு ஈடாக ஒன்றையும் தவறவிடக் கூடாது என்கிற பாரம் வேறு.

பிள்ளைகள் நம் அட்டவணையைவிட நம் முகத்தைத்தான் படிக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் பாதிப் பேச்சில் போனைத் திருப்பிப் பார்க்கிற அப்பாவிடமிருந்து, இங்கே இருப்பது போதாது என்ற பாடத்தை அவர்கள் படித்துவிடுவார்கள். நாம் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஒரு வகுப்பை நிறுத்தினோம். நல்ல வகுப்புதான். அந்த ஒரு மணி நேரம் இப்போது ஞாயிறு மத்தியானம் 'கடித நேரம்'. மகளுக்கு ஏழு வயசு. தமிழ் எழுத்து இன்னும் கோணல்மாணல். நாகர்கோவிலில் இருக்கிற தாத்தாவுக்கு நாலு வரி எழுதுவாள். வீடியோ காலில் "ம்", "ஆமா", "பை" என்று மூன்று சொல்லில் முடிக்கிறவள், கடிதத்தில் தன் பல் விழுந்த கதையை முழுசாக எழுதினாள். ஒரு 'ழ'வுக்கு மூன்று தடவை அழித்தாள். தபாலில் போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். தாத்தா அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். தமிழில் எழுத வராவிட்டால் பிள்ளை சொல்ல நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கும் வராவிட்டால் உச்சரிப்பை வைத்து மெதுவாக எழுதுங்கள், பிழை இருந்தால் ஊரில் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். அங்கே இல்லை என்பதால் நம்மால் கொடுக்க முடிகிற ஒன்று அது.

டொராண்டோ பயிலரங்கு இந்தச் சனிக்கிழமை தொடங்குகிறது. போகிறவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டு வரட்டும். வந்தபின் எனக்கும் சொல்லித் தரட்டும். எனக்கு அன்று 32-ஆவது கதை. யோனா. மீன் வயிற்றில் மூன்று நாள் எதையும் பார்க்காமல், யாரோடும் பேசாமல் இருந்தவன் அங்கே செய்தது ஒரு ஜெபம்தான். அதை ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. ஐந்தரைக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.